புலம்பல் இருக்கிற இடத்துலதான் கஸ்டமர் இருக்காங்க

எந்த பிசினஸ் பிளான் போட்டிக்கு வேணும்னாலும் போய்ப் பாருங்க. கடைசி ஸ்லைடுக்கு முந்தின ஸ்லைடுல ‘மார்க்கெட்டிங்’னு தலைப்பு இருக்கும். அதுக்குக் கீழே இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப் லோகோ மூணும் வரிசையா நிக்கும். அவ்வளவுதான் மார்க்கெட்டிங். நடுவர் மெதுவா, "உங்க முதல் பத்து கஸ்டமர் யாருப்பா? இப்போ எங்க இருக்காங்க?"ன்னு கேட்டா, டீம்ல நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பாங்க.

எனக்கு இது ஸ்லைடோட முடியுற கேள்வி இல்லை. எங்க ஊர் கூனிமேடு. மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல, ஈசிஆர் ரோட்டு மேல இருக்கு. வடக்கே மரக்காணம் பக்கம் போனா பாத்தி பாத்தியா உப்பளம், கீத்து போட்டு மூடின உப்பு அம்பாரம், எடை போடக் காத்திருக்கிற லாரி. உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துற உறவுக்காரர் ஒருத்தர்கிட்ட ஒருநாள் கேட்டேன்: "மாமா, உங்க உப்பு எங்க போவுது?"

"லாரியில போவுது."

"லாரி எங்க போவுது?"

"அது புரோக்கருக்குத்தான் தெரியும் தம்பி. நமக்கு எடை போட்டாங்கன்னா காசு."

நடுவர் கேட்ட அதே கேள்விதான் இது. வருஷக்கணக்கா தொழில் நடக்குது. ஆனா வாங்குறவர் யாருன்னு விற்கிறவருக்குத் தெரியாது. தெரியாதவரைக்கும் விலையைச் சொல்றது இன்னொருத்தர்தான். (ஒரு சின்ன வரலாற்றுத் தகவல்: 1680-களில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி இதே கூனிமேட்டில் துணி வாங்குவதற்காக ஒரு பண்டகசாலை வைத்திருந்தது. அவர்கள் ஆவணங்களில் ஊர்ப் பெயர் ‘கொனிமீர்’. அப்போ கஸ்டமர் கப்பல் ஏறி நம்ம ஊரைத் தேடி வந்தான். பிறகு கடலூர் பக்கம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கிக்கிட்டு அங்கே போயிட்டான்.)

கஸ்டமரை நாமே தேடிப் போகணும்னா எங்கே போறது? விளம்பரத்துக்குக் காசு இல்லாதவங்களுக்கு உருப்படியான ஒரு வழி, இணையத்துல மக்கள் கூடிப் பேசுற இடங்கள். ரெடிட், கோரா, ஒரே விஷயத்துக்கான ஃபேஸ்புக் குரூப்புகள், தொழில்வாரியான மன்றங்கள். ஆனா நம்மில் பலர் இந்த இடங்களைத் தப்பாகப் புரிஞ்சு வெச்சிருக்கோம். போஸ்டர் ஒட்டுற சுவர்னு நினைக்கிறோம். அது டீக்கடை பெஞ்சு. பெஞ்சுல உட்கார்ந்து முதல்ல என்ன செய்வோம்? காது கொடுப்போம். அதுதான் இங்கேயும் முதல் வேலை.

இதுக்கு நம்ம தமிழ்நாட்டுக் கதையே ஒண்ணு இருக்கு, அதுவும் நம்மை மாதிரி இன்ஜினியரிங் படிச்ச ஒருத்தர் கதை. கிரீஷ் மாத்ருபூதம். திருச்சிக்காரர், தஞ்சாவூர் சண்முகா பொறியியல் கல்லூரியில் படித்தவர். இன்றைக்கு சாஸ்த்ரா என்று சொல்கிறோமே, அதுதான். சென்னையில் ஜோஹோ நிறுவனத்தில் நல்ல பதவியில் இருந்தார். அமெரிக்காவில் சில காலம் வேலை செய்துவிட்டு சென்னைக்குக் குடிமாறியபோது, கப்பலில் அனுப்பிய வீட்டுச் சாமான்களோடு வந்த டிவி உடைந்து போயிருந்தது. இன்சூரன்ஸ் உண்டு. ஆனால் மாதக்கணக்கில் மெயில், போன் என்று அலைந்தும் பணம் வரவில்லை. கடைசியில், வெளிநாட்டில் இருந்து இந்தியாவுக்குத் திரும்புகிறவர்கள் கூடிப் பேசும் ஒரு மன்றத்தில் நடந்ததை அப்படியே எழுதினார். அங்கே இருப்பவர்கள் எல்லோரும் நாளைக்குச் சாமான் அனுப்பப் போகிறவர்கள், அதாவது அந்தக் கம்பெனியின் வருங்கால கஸ்டமர்கள். கம்பெனியின் தலைவரே மன்றத்துக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். பணமும் வந்து சேர்ந்தது.

கிரீஷ் அதற்கு முன்பே கஸ்டமர் சப்போர்ட் சாஃப்ட்வேர் செய்கிற வேலையில் ஊறியவர். ஒரு கஸ்டமரின் குறை இனிமேல் மெயிலுக்குள் அடங்கிக் கிடக்காது, பொது இடத்துக்கு வரும் என்பதை அந்த டிவி அவருக்குக் காட்டிக் கொடுத்தது. ஆனால் கம்பெனி தொடங்க வைத்தது வேறொன்று.

2010-ஆம் ஆண்டு மே மாதம் ஜென்டெஸ்க் என்ற அமெரிக்க கஸ்டமர் சப்போர்ட் சாஃப்ட்வேர் கம்பெனி திடீரென்று விலையை ஏற்றியது. பழைய கஸ்டமர்கள் கொதித்துப் போனார்கள். புரோகிராமர்களும் ஸ்டார்ட்அப்காரர்களும் கூடும் ஹேக்கர் நியூஸ் தளத்தில் இது பெரிய விவாதமாக ஓடியது. அதில் யாரோ ஒருவர் போகிற போக்கில், சரியான விலையில் ஒரு உருப்படியான சாஃப்ட்வேரோடு யாராவது வந்தால் இங்கே இடம் காலியாக இருக்கிறது என்கிற கருத்தில் ஒரு கமெண்ட் போட்டார். கிரீஷ் அதைப் படித்தார். அந்த வேலையைச் செய்யத் தெரிந்த ஆள் தானே என்று அவருக்குத் தோன்றியது. அதே ஆண்டு அக்டோபரில் ஷான் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க் தொடங்கினார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஜென்டெஸ்க் சில நாட்களிலேயே மன்னிப்புக் கேட்டு, பழைய கஸ்டமர்களுக்குப் பழைய விலையே தொடரும் என்று சொல்லிவிட்டது. பிரச்சினை தீர்ந்தது. ஆனால் யார் யார் எதற்காகக் கோபப்பட்டார்கள், எவ்வளவு விலை வரை பொறுத்துக்கொள்வார்கள், எந்த வசதி இல்லாமல் தவிக்கிறார்கள் என்பதெல்லாம் பொது இடத்தில் எழுத்தாகக் கிடந்தது. ஒரு மார்க்கெட் சர்வே கம்பெனிக்குக் காசு கொடுத்தாலும் இவ்வளவு வெளிப்படையான பதில் கிடைத்திருக்காது. கூகுள் ஃபார்ம் அனுப்பி "இந்தப் பொருள் வந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்டால் நம்ம கிளாஸ்மேட் எல்லோரும் ‘ஆம்’ என்றுதான் டிக் பண்ணுவார்கள், பாவம். கேட்காமலே சொல்கிற புலம்பலுக்கு அதைவிட மதிப்பு அதிகம்.

2011 ஜூனில் சாஃப்ட்வேர் வெளிவந்தது. முதல் கஸ்டமர் ஆஸ்திரேலியாவில் உள்ள ஆட்வெல் காலேஜ். சென்னையில் இருந்து ஒரு சேல்ஸ்மேன்கூட விமானம் ஏறவில்லை. அந்தச் சமயத்தில் கிரீஷ், ஹேக்கர் நியூஸ் கமெண்ட் ஒன்று தன்னை வேலையை விட வைத்த கதையை எழுதினார். அது அதே ஹேக்கர் நியூஸில் பரவலாகப் படிக்கப்பட்டது. "எங்கள் சாஃப்ட்வேரை வாங்குங்கள்" என்று எழுதியிருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர் எழுதியது அந்தக் கூட்டத்தின் சொந்தக் கதை. உங்களில் ஒருவர் சொன்னார், நான் கேட்டேன், செய்துவிட்டேன் என்ற கதை.

கூட்டம் எப்போதும் கைதட்டாது. அந்த ஆண்டின் இறுதியில் ட்விட்டரில் ஒரு தொழில்நுட்ப விமர்சகர் ஃப்ரெஷ்டெஸ்க்கை ஜென்டெஸ்க்கின் மலிவு நகல் என்று சொல்ல, ஜென்டெஸ்க் தலைவரும் சேர்ந்துகொண்டார். இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ‘நகலா, இல்லையா’ என்ற பொருளில் பெயர் வைத்து ஒரு தளமே தொடங்கி, திட்டினவர்கள் சொன்னதையும் தங்கள் பதிலையும் அதில் போட்டு, நீங்களே முடிவு செய்யுங்கள் என்று விட்டுவிட்டார்கள். அதுவரை பெயரே கேள்விப்படாதவர்கள்கூட வந்து பார்த்தார்கள். அதே கம்பெனிதான் 2017-இல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி, 2021 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலானது.

இதைப் படிச்சிட்டு "ஒரு கமெண்ட்ல கோடீஸ்வரன்"னு தம்ப்நெயில் போட்டுடாதீங்க. அந்தக் கமெண்டை ஆயிரக்கணக்கானோர் படிச்சிருப்பாங்க. அதைச் செய்து முடிக்கிற கைப்பழக்கம் கிரீஷ்கிட்ட இருந்துச்சு. நம்ம கைக்குத் தெரிஞ்ச வேலையைப் பற்றிப் புலம்புற இடம் எதுன்னு தேடுறதுதான் இதுல நாம எடுத்துக்க வேண்டியது.

வேற உதாரணங்களும் உண்டு. டிராப்பாக்ஸ் தொடங்கிய டிரூ ஹூஸ்டன் 2007 ஏப்ரலில் ஹேக்கர் நியூஸில் தன் சாஃப்ட்வேரைக் காட்டினார். லினக்ஸ் தெரிந்த யாரும் இதைத் தானே சுலபமாகச் செய்துகொள்ளலாமே என்று ஒருவர் போட்ட பதில் இன்றைக்கும் பிரபலம். 2008 மார்ச்சில் டிக் என்ற தளத்து ஆட்களுக்காக, அவர்களுக்கு மட்டுமே புரியும் கிண்டல்களை ஒளித்து வைத்து ஒரு சின்ன வீடியோ செய்தார். காத்திருப்போர் பட்டியல் ஒரே இரவில் 5,000-இல் இருந்து 75,000 ஆனது. நம்ம நாட்டில் ஜெரோதாவை 2010-இல் தொடங்கிய நிதின் காமத், பங்குவணிகர்கள் கூடும் டிரேடர்ஜி மன்றத்தில் கேள்விகளுக்குத் தானே உட்கார்ந்து பதில் எழுதியவர். பிறகு அந்தக் கம்பெனி டிரேடிங் கியூ அண்ட் ஏ என்று சொந்தமாகவே ஒரு மன்றம் வைத்தது.

சரி, உப்புக்கு வருவோம். "உப்பை நெட்டுல எவன்டா வாங்குவான்?"னு மாமா கேட்டார். நியாயமான கேள்வி. ‘உப்பு’ன்னு தேடினா சமையல் குறிப்புதான் வரும். அதனால பொருளோட பேரைத் தேடாம, அந்தப் பொருளால தீருற தலைவலியைத் தேடணும்.

சென்னை, பெங்களூரு அடுக்குமாடி வீடுகளில் போர்வெல் தண்ணீரைப் பற்றிய புலம்பலைப் படித்துப் பாருங்கள். முடி கொட்டுது, குழாயில் வெள்ளைப் படிவு, ஹீட்டர் போயிடுச்சு. கொஞ்சம் கீழே போனால் வாட்டர் சாஃப்ட்னர் வைத்தவர்கள் வருவார்கள். "எந்த உப்பு போடணும்? கல் உப்பு போடலாமா? தொட்டி அடியில் சேறு சேருது, என்ன செய்ய?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நாலாவது செமஸ்டர்கூட வேண்டாம், முதல் வருஷ கெமிஸ்ட்ரி போதும். சாஃப்ட்னரில் இருக்கும் ரெசின் மணிகள் தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிரம்பியதும் கெட்டியான உப்புக்கரைசலை ஓடவிட்டுத் திரும்பச் சோடியம் ஏற்ற வேண்டும். அந்த உப்பிலேயே கால்சியமும் மெக்னீசியமும் இருந்தால், அழுக்குத் துணியை அழுக்குத் தண்ணீரில் அலசின கதைதான்.

இப்போ உப்பளத்துப் பக்கம் திரும்புங்க. உப்புநீர் வெயிலில் சுண்டச் சுண்ட முதலில் ஜிப்சம் படியும். போமே மானியில் சுமார் 25 டிகிரி காட்டும்போது உப்பு விளையத் தொடங்கும். 29, 30 டிகிரியைத் தாண்டவிட்டால் மெக்னீசியம் உப்புகள் சேர ஆரம்பிக்கும், அதற்குள் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். அடியில் களிமண் தரை வேறு. ஆக, பாத்தியில் இருந்து வாரிய உப்பை அப்படியே சாக்கில் கட்டி அனுப்பினால் அடுக்குமாடிக்காரர் தொட்டியில் சேறுதான் சேரும், அவர் அதையும் போட்டோ எடுத்து அதே குரூப்பில் போடுவார். உப்பைக் கழுவ வேண்டும். நல்ல தண்ணீரில் கழுவினால் உப்பே கரைந்து போகும். அதனால் இனிமேல் உப்பு கரையாத அளவுக்குக் கெட்டியான, சுத்தமான உப்புநீரிலேயே கழுவுவார்கள். கழுவி, உலர்த்தி, சின்ன மூட்டையாகக் கட்டினால் அது வேறொரு பொருள். லாரி எடைக்கு விற்கும் உப்பு இல்லை.

பார்த்தீங்களா, கஸ்டமரைத் தேடிப் போன இடத்துல என்ன செய்யணும்ங்கிறதே கிடைச்சிடுச்சு. முதல்ல பொருள், அப்புறம் மார்க்கெட்டிங்னு பாடத்துல படிக்கிறோம். இந்த மாதிரி இடங்கள்ல ரெண்டும் ஒரே வேலை.

அடுத்தது எழுதுவது. ஒரு மாசம் வெறுமனே படியுங்கள். யார் அடிக்கடி பதில் சொல்கிறார், எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருது, எதுக்கு அட்மின் ஆளைத் தூக்குறார், எல்லாம் பிடிபடும். திரும்ப வரும் கேள்விகளை ஒரு ஷீட்டில் எழுதி வையுங்கள்: தேதி, ஊர், அவர்கள் சொன்ன அதே வார்த்தை. அந்த வார்த்தை முக்கியம். நாம ‘ரீஜெனரேஷன் கிரேடு சோடியம் குளோரைடு’ன்னு எழுதுவோம். அவங்க ‘சாஃப்ட்னர் உப்பு’ன்னுதான் தேடுவாங்க. பிறகு பதில் எழுதத் தொடங்குங்கள், உங்கள் பொருளை வாங்காதவருக்கும் பயன்படுகிற பதிலாக. தொட்டியைக் கழுவுவது எப்படி, தண்ணீரின் கடினத்தன்மையைச் சோதிக்க என்ன செய்யலாம் என்று. ரெடிட்டில் பல காலமாகச் சொல்லப்பட்டு வந்த ஒரு கணக்கு, நீங்கள் போடும் பத்தில் ஒன்றுக்கு மேல் உங்கள் சொந்தச் சரக்கைப் பற்றி இருக்கக் கூடாது என்பது. ஒவ்வொரு குரூப்புக்கும் விதி வேறு, சேர்ந்த உடனே அதைப் படிச்சிடுங்க.

அந்தப் பத்தில் ஒன்று வரும்போது, "இதை விக்கிறது நான்தான்" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். நிறைய பேர் தடுமாறுவது இங்கேதான். ஹாஸ்டல் ரூம்மேட் நாலு பேரிடம் அக்கவுண்ட் தொடங்கச் சொல்லி, ஒருத்தன் கேள்வி கேட்க, இன்னொருத்தன் "நான் வாங்கினேன் புரோ, சூப்பர்" என்று எழுத வைப்பது. அந்த அக்கவுண்ட்டுகளின் பழைய பதிவுகளைப் பார்த்தாலே இரண்டு நிமிடத்தில் குட்டு உடையும். சட்டப்படியும் இது விளையாட்டு இல்லை. தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022-இல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்கள், பொருளைப் பரிந்துரைக்கிறவருக்கும் விற்கிறவருக்கும் தொடர்பு இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லச் சொல்கின்றன. அதே ஆண்டு நவம்பரில் ஆன்லைன் விமர்சனங்களுக்கென்றே ஐ.எஸ். 19000:2022 என்ற தரநிலையும் வந்தது.

உப்பில் இன்னொரு பொறியும் இருக்கு. ‘இயற்கை முறை மரக்காணம் கல் உப்பு, சமையலுக்கு’ என்று குரூப்பில் போட்டால் லைக் வரும், ஆர்டரும் வரலாம். ஆனால் 2011 உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளின்படி, அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாக மனிதர்கள் உண்பதற்காக விற்கக் கூடாது. தொழில் பயன்பாட்டுக்கு விற்கலாம். சமையலுக்கு விற்க வேண்டுமானால் அயோடின் சேர்க்கவும் வேண்டும், உணவுப் பாதுகாப்பு உரிமமும் வேண்டும். கமெண்ட்டில் யாராவது இதைக் கேட்டால் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே கட்டாயம் ஒருத்தர் கேட்பார், எல்லா குரூப்பிலும் அப்படி ஒருத்தர் இருக்கார்.

சத்தமாகப் புலம்புகிறவர்கள் எல்லோரும் வாங்க மாட்டார்கள். இலவசமாகக் கிடைத்தால் மட்டும் வருகிறவர்கள் ஒரு பெரிய கூட்டம். டிராப்பாக்ஸை ஒருவர் உதறித் தள்ளியதுபோல, நல்லதையும் தேவையில்லை என்பார்கள். அதனால் ஒரு புலம்பலை நம்பி இயந்திரம் வாங்காதீங்க. அதே குறையை முன்பின் தெரியாத முப்பது பேர் வேறு வேறு மாதங்களில் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு அதில் ஐந்து பேருக்குத் தனியாக எழுதி, அஞ்சு கிலோ அனுப்புகிறேன், கூரியர் செலவை மட்டும் நீங்கள் கொடுங்கள் என்று கேளுங்கள். எத்தனை பேர் சரி என்கிறார்களோ அதுதான் நிஜ எண்ணிக்கை.

கூரியர் என்றதும் உப்பின் பெரிய பிரச்சினை வந்துவிடுகிறது. சாஃப்ட்வேருக்கு எடை கிடையாது, ஆஸ்திரேலியாவுக்கும் அடையாறுக்கும் ஒரே செலவு. உப்பு கனமானது, விலை குறைவானது. 25 கிலோ மூட்டையை பெங்களூரு அனுப்பினால் வண்டிக் கூலி உப்பின் விலையைத் தின்றுவிடும். அதனால் எங்க ஊருக்குப் பொருத்தமானது நாடு முழுக்க இருக்கிற பெரிய மன்றம் இல்லை. புதுச்சேரியில் இருந்து சென்னை வரை ஈசிஆரிலும் ஓஎம்ஆரிலும் இருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்போர் குரூப்புகள்தான். ஒரே வளாகத்தில் இருபது வீடு சேர்ந்து வாங்கினால், புதுச்சேரியில் இருந்து காலியாகத் திரும்பும் ஒரு சின்ன வண்டியில் ஏற்றிவிடலாம். அந்த வாட்ஸ்அப் குரூப்புகளுக்குள் வெளியாள் நுழைய முடியாது, உள்ளே இருக்கும் ஒருத்தர்தான் நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொது இடத்தில் பொறுமையாக எழுதிய பதில்கள் இங்கேதான் உதவும். தொட்டிச் சேறைப் பற்றி நீங்கள் ஆறு மாதம் முன்பு எழுதியதைத் தேடி எடுத்து, அசோசியேஷன் செயலாளர் யாராவது உள்ளே ஃபார்வர்ட் பண்ணுவார்.

மாமாகிட்ட இதையெல்லாம் சொன்னப்போ அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "கழுவுற தொட்டிக்கு எவ்வளவு ஆவும்?" அதுக்கு சிவில் பசங்க யாராவது எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தா நல்லா இருக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிட்டா பாத்தியில் தண்ணி நிக்கும், உப்பு வேலை கிடையாது. மழை விட்டு, சேறு எடுத்து, பாத்தி கட்டி மறுபடி வேலை ஆரம்பிக்கிற வரைக்கும் ரெண்டு மூணு மாசம் இருக்கு. படிக்க வேண்டிய குரூப்புகள் பதினொண்ணு இப்போதைக்கு என் ஷீட்ல இருக்கு.